மதுரையில் ஒரே ஒரு நாள்: எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் சாப்பிடுவது?

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறி விடிகாலையில் மதுரையில் இறங்குகிறீர்கள். அன்றிரவே ஒன்பதரை மணி வாக்கில் திரும்பும் ரயில். கூட மனைவி, எட்டு வயதுப் பையன், சுத்த சைவமான அம்மா. நாற்பது கடைகளின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, இதில் எது நல்ல கடை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, நல்ல கடை எது என்பது உங்கள் சிக்கலே இல்லை. அந்த நாற்பதில் பாதிக்கு மேல் நன்றாகத்தான் இருக்கும். நாலு வயிறு, பதினாறு மணி நேரம், நடுவில் கோயில், அம்மாவின் முழங்கால், ராத்திரி ரயிலில் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருக்க வேண்டும். இதற்குள் எதை எப்போது சாப்பிட்டு முடிப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. அதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

நான் சமையல்காரன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மதுரை ஹோட்டல்களுக்கு வாழை இலை போடுகிறேன். விடிவதற்கு முன்பே சோழவந்தான் பக்கத்து இலைக் கட்டுகளைப் பிரித்து, நுனி இலை தனி, ஏடு தனி, டிபனுக்கு நறுக்கிய சின்ன இலை தனி என்று அடுக்கி, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். முன்வாசல் வழியாக நான் அதிகம் போனதில்லை. கொல்லைப்புறம்தான், அடுப்பும் அண்டாவும் இருக்கிற பக்கம். எந்தக் கடையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு முதலாளி சொல்லும் கணக்கை விட என் இலைக் கணக்கு சரியாக இருக்கும். அதே காரணத்தால் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் பெயர் சொல்லும் கடைகளில் ஒன்றுக்குக்கூட நான் இலை போடுவதில்லை. என் வாடிக்கைக் கடைகளின் பெயரைச் சொன்னால் அது பதிலாக இருக்காது, விளம்பரமாகிவிடும். இன்னொன்று, எனக்கு அத்துப்படியானது வைகையின் தென்கரை. கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஏ.சி. உணவகங்கள் பீங்கான் தட்டில் பரிமாறுகின்றன. அவர்களுக்கும் எனக்கும் தொழில் இல்லாததால், அவர்களைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம்.

தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் என்பதால் எந்த நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. பரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் மத்தியானத்துக்கு மேல் வந்து மைதாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி ஊற வைப்பார். உருண்டை பிடித்து, அது இன்னொரு தடவை ஊறி, வீசத் தொடங்கும்போது மணி ஆறாகிவிடும். சால்னாவும் அப்போதுதான் கொதிக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரை அந்தக் கடையின் ராஜ்யம். அதே கடையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால், பரோட்டா இருந்தாலும் அது பரோட்டாவாக இருக்காது. கறிக்குழம்பு நேர் எதிர். ஆடு விடிகாலையில் அறுபட்டு, ஒன்பது மணிக்குள் சமையலறைக்கு வந்து, பதினொன்றரைக்குள் அடுப்பை விட்டு இறங்கியிருக்கும். பன்னிரண்டரைக்குப் போடும் முதல் பந்தியில் அதன் ருசியே தனி. மூன்று மணிக்கு அதே அண்டாவில் மிஞ்சியிருப்பதை வெந்நீர் விட்டு இளக்கியிருப்பார்கள். கடை மாறவில்லை, மாஸ்டர் மாறவில்லை, ஆனால் நீங்கள் சாப்பிட்டது வேறு குழம்பு. அதனால் உங்கள் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதிப் பாருங்கள். நாற்பது கடை தானாகவே எட்டுக்கு வந்துவிடும்.

காலையில் கவலைப்பட ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே டவுன் ஹால் ரோடு, நேராகக் கோயிலின் மேற்குப் பக்கத்துக்கு விடும். மொத்தமே ஒரு கிலோமீட்டர் சுமார்தான். அந்தப் பக்கத்திலேயே ஒரு நாள் வாடகைக்கு அறை எடுத்துவிடுங்கள். இதில் காசு பார்க்காதீர்கள், மதியம் அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் இல்லையென்றால் உங்கள் மாலைப்பொழுது போச்சு. குளித்துவிட்டு ஏழு மணிக்கு இட்லி. மேலமாசி வீதியில் முருகன் இட்லி கடை இருக்கிறது, சென்னையில் நீங்கள் பார்க்கும் அதே பெயர்தான், புறப்பட்ட ஊர் இது. சென்னையிலேயே சாப்பிட்டாயிற்றே என்று தோன்றினால் அதே சுற்று வட்டாரத்தில் கூட்டம் நிற்கிற எந்தச் சின்னக் கடையிலும் உட்காரலாம். காலை இட்லியைப் பொறுத்தவரை மதுரையில் தோற்றுப்போவது கஷ்டம். ராத்திரி முழுக்கப் புளித்த மாவு, ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கும், பழசாக நேரமில்லை. ஆளுக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையனுக்குக் காரச் சட்னி வேண்டாம், தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் போதும்.

பிறகு கோயில். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்ப வாங்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. இதைச் சாப்பாட்டுப் பதிலில் ஏன் சொல்கிறேன் என்றால், பதினொன்றரைக்கு வெளியே வருவோம் என்று கணக்குப் போட்ட குடும்பங்கள் ஒரு மணிக்கு வந்து, பசியில் கண்ணில் பட்ட முதல் போர்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. எட்டு மணிக்கே உள்ளே போய்விடுங்கள். கோயிலை முன்னால் வைப்பதில் இன்னொரு வசதி, அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாமா என்ற பேச்சு உங்கள் அம்மாவோடு வராது.

மதியச் சாப்பாடுதான் உங்கள் நாளின் உயிர்நாடி. அசைவத்தை ராத்திரிக்கு வைக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. நான் மதியம் என்றுதான் சொல்வேன். கறி புதிது, சாப்பிட்ட பின் அறையில் படுக்கலாம், ராத்திரி ரயில் ஏறும்போது வயிறு லேசாக இருக்கும். ஆனால் நாலு பேரும் ஒரே கடையில் சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கறிச் சாப்பாடு போடும் மெஸ்ஸில் சைவச் சாப்பாடும் போடுவார்கள், ஆனால் ஒரே அடுக்களை, ஒரே கரண்டி, பக்கத்து இலையில் தலைக்கறி. பெரியவர்கள் மகனுக்காகப் பேசாமல் உட்கார்ந்து மோர்ச்சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். அம்மாவையும் பையனையும் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு சைவ ஹோட்டலில் பன்னிரண்டு மணிக்கு அளவுச் சாப்பாடு சாப்பிட வைத்து, படுக்க விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஆட்டோ பிடியுங்கள்.

எங்கே? கறிச் சாப்பாட்டுக்குப் பேர்போன கடைகள் பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தல்லாகுளம், அழகர்கோயில் ரோட்டில் இருக்கின்றன. அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் எல்லாம் அந்த வட்டாரம்தான். ஏ.வி. பாலம் தாண்டி கோரிப்பாளையம் சிக்னலில் நிற்க வேண்டியிருக்கும், அதற்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே கேட்க வேண்டியது அயிரை மீன் குழம்பு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன், சேற்றில் மேய்வது. அதனால் உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, மண்ணைக் கக்க வைத்து, கல் உப்புப் போட்டு உரசிக் கழுவித்தான் சட்டியில் போடுவார்கள். தலையோடு முழுசாகச் சாப்பிட வேண்டும். இந்தப் பக்குவம் தவறினால் பல்லில் நறநறவென்று மண் கடிக்கும், ஒரு வாயிலேயே கடையின் யோக்கியதை தெரிந்துவிடும். தினமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மீன் வரத்தைப் பொறுத்தது, விலையும் அப்படித்தான், ஆர்டர் சொல்லும் முன் விலை கேட்பதில் வெட்கமே வேண்டாம். அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜை ஆம்லெட் பிரசித்தம், இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். ஆற்றைத் தாண்டுவது சிரமம் என்றால் கீழவெளி வீதியில் அம்சவல்லி பவன் இருக்கிறது, சீரகச் சம்பா பிரியாணிக்குப் பெயர் பெற்றது. ஊர் உலகத்தில் பாசுமதி போட்டதைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குச் சீரகச் சம்பாவின் வாசமும் அதன் குருணைத்தனமும் புதிதாக இருக்கும். சிலருக்குப் பிடிக்காமலும் போகும், எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் என்ன கிழமை வருகிறீர்கள் என்று சொல்லவில்லை. என் தொழிலில் கிழமைதான் முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்களுக்குப் போகும் இலை மற்ற நாளைப் போல இரண்டு பங்கு. செவ்வாயும் வெள்ளியும் உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் கறி தொட மாட்டார்கள், புரட்டாசி மாதம் இன்னும் மோசம். கூட்டம் இல்லாத நாளில் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று தோன்றும். பெரிய கடைகளில் அது சரி. சின்னக் கடையில் வெள்ளிக்கிழமை மதியம் இருக்கிற கறி அன்றைக்கு எடுத்ததா என்று எனக்குச் சந்தேகம் வரும், நான் சாப்பிட மாட்டேன். புதன், வியாழன், சனி உத்தமம். சித்திரைத் திருவிழா சமயமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

கிழமையைப் பார்க்காமல் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து என் மச்சான் குடும்பம் வந்திருந்தது. இலைக்காரன் வீட்டுக்கு வந்திருக்கிறோம், நல்ல கடைக்குத்தான் கூட்டிப் போவான் என்று அவர்களுக்கு ஒரே நம்பிக்கை. ஊரறிந்த கடை ஒன்று, பெயர் வேண்டாம். ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குப் போய் நின்றோம். சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்று இடம் பிடிக்கும் கூட்டம். ஐம்பது நிமிடம் கழித்து உட்கார்ந்தால் சப்ளையர் வந்து, "அண்ணே, அயிரை முடிஞ்சு, சுக்காவும் முடிஞ்சு, சிக்கன் இருக்கு" என்றார். மச்சான் மகள் தூங்கியே போய்விட்டாள். கடை மேல் தப்பில்லை, நான் போன நேரம் தப்பு. அன்றைக்குக் காலையில் தன் ஆள் அங்கே வழக்கத்தை விட நாலு கட்டு கூடுதலாக இறக்கியதாகச் சொன்ன வேறொரு இலை வியாபாரியின் பேச்சைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

குறித்து வைத்த கடை மூடியிருந்தால் வாசலில் நின்றபடி வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். அப்போது நான் பார்ப்பது முதலில் இலை. மதிய நேரத்தில் இலை பச்சையாக, விறைப்பாக இருந்தால் காலையில் வந்த சரக்கு. ஓரம் கருத்து, நடு நரம்பில் கிழிந்து தொங்கினால் நேற்றைய மிச்சம். இலையில் மிச்சம் பிடிக்கிற கடை மற்றதிலும் பிடிக்கும். இதை நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், காற்றடித்த நாளில் வரும் இலையே கிழிந்துதான் இருக்கும். அடுத்து, உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். வேன் நிறைய இறங்கிய சுற்றுலாக் கூட்டம் எனக்கு அத்தாட்சி இல்லை. தனியாக வந்து, விலைப்பட்டியலைப் பார்க்காமலே ஆர்டர் சொல்கிற ஆட்கள் நாலு பேர் இருந்தால் தைரியமாக உட்காரலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கடைக்குள் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது இருப்பதால் ருசிக்கு உத்தரவாதமில்லை, இல்லாவிட்டால் நான் நகர்ந்துவிடுவேன். போர்டில் 'ஒரிஜினல்', 'பழைய' என்றெல்லாம் எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அண்ணன் தம்பி பிரிந்து ஆளுக்கொரு கடை போட்டதும் உண்டு, பெயரை மட்டும் பார்த்துப் போட்டதும் உண்டு, வாசலில் நின்று பிரித்தறிய வழியில்லை. ஆட்டோக்காரரிடம் கேட்கலாமா என்றால், "நல்ல கடைக்குப் போங்கண்ணே" என்று கேட்காதீர்கள். "நீங்க மத்தியானம் எங்கே சாப்பிட்டீங்க" என்று கேளுங்கள்.

நான்கரைக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் நாலு பேரும் திருமலை நாயக்கர் மகால் பக்கம் போங்கள். ஐந்து மணிக்குள் உள்ளே பார்த்து முடிக்க வேண்டியிருக்கும், அம்மாவால் முடியாவிட்டால் வெளியிலிருந்து பார்த்தாலும் போதும். அந்தத் தெருக்களில் சௌராஷ்டிர மக்கள் நிறைய இருக்கிறார்கள். நாயக்கர் காலத்திலிருந்து இங்கே பட்டு நெய்தவர்கள், அவர்கள் கைப்பக்குவத்துக்கு ஊரில் தனி மரியாதை. மாலையில் கல்யாண முருங்கை இலை அரைத்த பச்சை நிற அடை, வடை சுடும் சின்னச் சின்னக் கடைகளைப் பார்க்கலாம். போர்டு இருக்காது, ஒரு வாணலியும் ஒரு அம்மாவும் இருப்பார்கள். மதுரையில் சாப்பிட்டதிலேயே இதுதான் பிடித்தது என்று உங்கள் அம்மா சொல்லக்கூடும். பருத்திப்பாலும் அந்த வேளைக்கு உரியதுதான். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள், மேலே தேங்காய்ப் பூ. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து நேராகத் தம்ளருக்கு வருவதால் பையனுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

அங்கிருந்து விளக்குத்தூண் நடக்கிற தூரம். கோட்டை மதிலை இடித்து ஊரைப் பெரிதாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது அந்தத் தூண். அகழியைத் தூர்த்துப் போட்ட தெருக்களுக்குத்தான் அளவெடுத்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வைத்தார்கள். கீழ மாரட் வீதியில் விளக்குத்தூணை ஒட்டி 'பேமஸ் ஜிகர்தண்டா' கடை. சுண்டக் காய்ச்சிய பால், ராத்திரியே ஊறப்போட்டுப் பூத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம், இதுதான் சரக்கு. ஜிகர்தண்டா விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பாலும் ஐஸும் சேர்ந்த எதையும் கூட்டம் அலைமோதுகிற கடையில் மட்டும் குடியுங்கள், காலியாக நிற்கிற தள்ளுவண்டியில் வேண்டாம். பையனுக்குத் தனியாக ஒன்று வாங்காமல் உங்களுடையதில் பாதி கொடுங்கள்.

ராத்திரிக்குக் கறிதோசை ஆசை உங்கள் பட்டியலிலேயே மூன்று தடவை வருகிறது, அதனால் முழுசாகத் தடை போடவில்லை. சிம்மக்கல்லில் கோனார் கடைதான் அதற்குப் பெயர் வாங்கியது. கல்லில் தடியாக மாவை ஊற்றி, மேலே முட்டை, அதற்கு மேலே வெந்த கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போடுவார்கள். பார்க்கத் தோசை, கனத்தில் ஒரு சாப்பாடு. இரண்டு பேருக்கு ஒன்று, அதுவும் ஏழு மணிக்குள். எட்டேகாலுக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும், தூரம் கொஞ்சம்தான், ஆனால் மாசி வீதிகளில் அந்த நேரத்து நெரிசலை யாராலும் கணிக்க முடியாது. பன் பரோட்டா, கொத்துப் பரோட்டா எல்லாம் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மதியம் கறி, ராத்திரி மைதாவும் சால்னாவும், அப்புறம் அசையும் பெர்த்து என்றால் நான் பொறுப்பில்லை. வரும் வழியில் கொத்துகிற கரண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பையன் நிற்பான், இரண்டு நிமிடம் வேடிக்கை பார்க்க விடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் சூடான கோதுமை அல்வாவைச் சின்ன இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். அங்கேயே நின்று சாப்பிட ஆளுக்குக் கொஞ்சம், ஊருக்கு அரைக் கிலோ. அம்மாவுக்கும் பையனுக்கும் ராத்திரிச் சாப்பாடாக ஏழு மணிக்கே நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். சட்னி பார்சல் வேண்டாம், அது விடியும் வரை தாங்காது. கட்டும்போது பிளாஸ்டிக் தாளை எடுப்பார்கள், இலையில் கட்டச் சொல்லுங்கள். தாளில் இட்லி வியர்த்து நசநசத்துப் போகும். தொழில் புத்தியில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இரண்டு இட்லியை அப்படி, இரண்டு இட்லியை இப்படிக் கட்டி வாங்கித் திண்டுக்கல் தாண்டும்போது பிரித்துப் பாருங்கள்.